படித்துப் பார்த்துவிட்டு

மூன்றாவது ஸ்பூனும் உள்ளே போய்விட்டது. போய்விட்டது என்று சீலன் அவ்வளவு சுலபமாக நம்பிவிடுவதில்லை. வாய்க்குள் போவது ஒன்று, தொண்டையைத் தாண்டுவது ஒன்று, தாண்டியது வயிற்றுக்குத்தான் போயிற்றா, பக்கத்துக் குழாயில் இறங்கி நெஞ்சுக்குப் போயிற்றா என்பது இன்னொன்று. ஸ்பூனை எடுத்த பிறகும் அவன் கிருபாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே தோலுக்கு அடியில் சின்ன மேடு ஒன்று ஏறி இறங்க வேண்டும். அது ஏறுவதற்குச் சில நாள் எட்டு எண்ண வேண்டியிருக்கும், சில நாள் இருபது. இன்று பதினான்கில் ஏறியது. இறங்கியது. மூச்சில் கரகரப்பு கேட்கிறதா என்று காதை அவள் வாயருகே கொண்டுபோனான். இல்லை. கேழ்வரகு வாசனையும் லேசான சூடும்தான். சரி, நான்காவது. மூன்று வயதும் இரண்டு மாதமும் ஆன மகள், எட்டரைக் கிலோவைத் தாண்டாமல் ஆறு மாதமாக நிற்கிற மகள், சுவரோரம் போட்ட மர நாற்காலியில் இரண்டு பக்கமும் சுருட்டி வைத்த துண்டுகளுக்கு நடுவே இருந்து அவனைப் பார்த்தாள். அந்த நாற்காலியை ஆசாரி மூன்று தடவை தப்பாகச் செய்தார். "ஒக்கார்ற நாற்காலியா இது, முக்கோணமா கீதே" என்று சிரித்தார். பயிற்சி கொடுக்கும் ஹசீனா மேடம் எழுதித் தந்த அளவைக் காட்டி, முதுகு இரண்டு பலகை கூடும் மூலையில் பதிய வேண்டும், அப்போதுதான் தோள் முன்னால் வரும், தோள் வந்தால்தான் கை இரண்டும் நடுவில் சேரும், தலை நிற்கும் என்று இவன் ஒவ்வொன்றாக விளக்கினான். நாற்காலி வந்த அன்று தலை மூன்று எண்ணும்வரை நின்றது. இப்போது நாற்பது வரை நிற்கிறது. நாற்பது என்று வெளியில் யாரிடமாவது சொன்னால் அப்புறம் என்ன என்பதுபோலப் பார்ப்பார்கள். மூன்றுக்கும் நாற்பதுக்கும் நடுவே இருக்கிற ஒவ்வொரு எண்ணும் எந்த மாதத்தில் வந்தது என்று சீலனுக்குத் தெரியும். பதினேழில் இரண்டு மாதம் நின்றது. முதல் நெஞ்சுச் சளி வந்தபோது இருபத்திரண்டிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியது. மறுபடி ஒன்பதிலிருந்து. இப்படி ஏறி இறங்கி ஏறி.

கிண்ணத்தில் இன்னும் முக்காலுக்கு மேல் இருந்தது. மணி பன்னிரண்டு இருபத்தைந்து. முகவாயை இடது கையால் கீழிருந்து லேசாகத் தாங்கிக்கொண்டு ஐந்தாவது ஸ்பூனைக் கொண்டுபோனான். ஸ்பூனை மேலே தூக்கிச் சுரண்டக் கூடாது, நாக்கின் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தி, உதடு தானாக மூடும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தான். காத்திருக்கும்போதுதான் கண் மேஜைப் பக்கம் போகிறது. போகக் கூடாது என்று வைத்திருக்கிறான், போகிறது. கேழ்வரகு மாவு டப்பாவுக்கு அடியில் அந்தத் தாள். மூன்று வாரமாக அங்கேயே இருக்கிறது, ஓரமெல்லாம் மாவு படிந்துவிட்டது. குழந்தையின் வயிற்றில் சின்னத் துளை போட்டு அதன் வழியாகக் குழாய் வைத்து உணவு கொடுக்கச் சம்மதம் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கும் தாள். கீழே தகப்பன் கையெழுத்துக்கு ஒரு கோடு. "ரெண்டு தடவ நிமோனியா வந்தாச்சு. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமா நுரையீரலுக்குப் போவுது. மழைக்கு முன்னாடி செஞ்சிட்டா நல்லது" என்று டாக்டர் சொன்னார். நாளைக் காலை ஒன்பது மணிக்குள் தாள் வார்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தேதி வேறு குழந்தைக்கு. அடுத்த தேதி தை மாதத்தில்தான். நடுவில் ஐப்பசியும் கார்த்திகையும் கிடக்கிறது, ஓடு ஒழுகும், சுவர் ஈரம் பிடிக்கும், இந்த நெஞ்சு அதைத் தாங்குமா. காலையில் பவுலின் ஷூ கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னிக்காச்சும் போட்டு வெச்சிடுப்பா" என்றாள். "இன்னும் ரெண்டு பாரா பாக்கி கீது" என்றான் இவன். "மூணு வாரமா அதே ரெண்டு பாராவா? பி.ஏ. பரீட்சைக்குக்கூட நீ இவ்ளோ படிச்சிருக்க மாட்ட." அவள் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தாமல் போனாள்.

கழுத்து மேடு ஏறியது. இறங்கியது. ஆறாவது. பாக்கி இருக்கும் இரண்டு பாராவும் அவனுக்கு மனப்பாடம். என்ன மயக்க மருந்து, என்னென்ன ஆபத்து, நூற்றில் எத்தனை பேருக்குத் துளையில் சீழ் பிடிக்கலாம், குழாய் விலகினால் என்ன செய்வது, எல்லாம் தெரியும். தெரியாத ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. ஹசீனா மேடமும் சொல்லிவிட்டார். "குழாய் வெச்சா வாய்க்குப் பூட்டுப் போட்டுடுவாங்கன்னு நெனச்சுக்காதீங்க தம்பி. ருசிக்கு ரெண்டு ஸ்பூன் குடுக்கலாம். இப்ப தின்னுறதுக்கே அவ சக்தி பூரா போயிடுது. ஒடம்புல தெம்பு வந்தாத்தான் மத்ததெல்லாம் கத்துக்குவா." நியாயம்தான். தெரிந்தும் பேனாவை எடுத்தால் கை அந்தக் கோட்டின்மேல் போய் நிற்கிறது, திரும்ப முதல் வரிக்குப் போய்விடுகிறான். போட்டுவிட்டால் இத்தனை மாதம் ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டியது தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று முதலில் நினைத்தான். பவுலினிடமும் அப்படித்தான் சொன்னான். அது உண்மையில்லை என்று போன வாரம் துணி அலசும்போது அவனுக்கே தெரிந்தது. அடியில் இருப்பது வேறு. இதில் சட்டென்று போட்டுவிட்டால், அன்றைக்கும் சட்டென்று போட்டிருக்கலாம் என்று ஆகிவிடும்.

அன்றைக்கு. வேண்டாம், ஸ்பூனைப் பார். ஏழாவது. உதடு மூடுகிறது, மெதுவாக, கீழுதடு முதலில். நேற்று டாக்டருக்குக் காட்டும் நோட்டில் எழுதினானே, மத்தியானம் இருபத்திரண்டு ஸ்பூன், இருமல் மூன்று, முழுக் கிண்ணம் என்று. இருபத்திரண்டு இல்லை, பதினொன்று. மீதியை வாசல் நாய்க்கு ஊற்றினான். அந்த நோட்டில் இதுபோல ஐந்து இடத்தில் பொய் இருக்கிறது. டாக்டர் அதைப் புரட்டி, "நல்லா சாப்புடுறாளே, அப்புறம் ஏன் எடை ஏறல" என்று நெற்றியைச் சுருக்கியபோது இவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தெருவில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் இவனிடம்தான் கொண்டுவருவார்கள். சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன், பள்ளிக்கூட விண்ணப்பம். ஒரு எழுத்துப் பிசகாமல் நிரப்புவான். "சீலன் பார்த்துட்டான்னா பார்த்த மாதிரி" என்பார்கள். அந்தத் தெருவில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன். அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். தோலை உருட்டும் டிரம்மில் வலது கை மாட்டி நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மேஸ்திரி ஒரு தாளைக் கொண்டுவந்து இடது கட்டை விரலைப் பிடித்து அழுத்தினார். சுண்ணாம்பு தின்ற விரலில் ரேகை சரியாக விழவில்லை, மை தடவி இன்னொரு தரம் அழுத்தினார். தன் விருப்பப்படியே வேலையை விட்டு நின்றுகொள்வதாக அதில் எழுதியிருந்தது. இரண்டு மாதம் கழித்து ஷெட் வாசலில் காவல்காரன் அதைப் படித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே பேச்சு. "எவன் நீட்டினாலும் சரி, ஒரெழுத்து விடாம படிச்சுப் பாத்துட்டுப் போடு. அதுக்குத்தான் உன்னப் படிக்க வெக்கிறேன்." சாகிறவரைக்கும் அதே பேச்சு. எட்டாவது ஸ்பூன். எட்டுதானே?

எட்டுதான். சீலன் படித்துப் பார்த்தான். பவுலினைப் பிரசவ அறைக்குள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு, பச்சைச் சுவர் தாழ்வாரத்தில், எதிரே வட்டக் கடிகாரம். பத்து இருபது. நர்ஸ் ஒரு அட்டையில் செருகிய தாளோடு ஓடிவந்தார். "குழந்தை உள்ளயே மோஷன் போயிருச்சு, ஒடனே எடுக்கணும், இங்க போடுங்க." முழுக்க இங்கிலீஷ், இரண்டு பக்கம். பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழில் படித்தவன். "ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்றான். முதல் வரியிலிருந்து தொடங்கினான். நாலாவது வரியில் ஒரு வார்த்தை புரியவில்லை, திரும்ப மூன்றாவதிலிருந்து வந்தான். "சார், இது என்னா கல்யாணப் பத்திரிகையா, நிதானமாப் படிக்கிறீங்க" என்றார் நர்ஸ். அவர் அவசரப்படுத்த அவசரப்படுத்த, அந்த அவசரம்தான் இவனுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. மேஸ்திரியும் இப்படித்தானே அவசரப்படுத்தியிருப்பார். "ஒரு நிமிஷம்." நர்ஸ் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தார். "ஒரு நிமிஷம்." அந்தத் தாழ்வாரத்தில் அந்த நேரத்தில் அவனுக்குள் ஒரு பெருமை இருந்தது. யாருக்கும் சொல்ல முடியாதது அதுதான். நான் அப்பா இல்லை, என்னை யாரும் கையைப் பிடித்து அழுத்திவிட முடியாது என்கிற பெருமை. புரியாத ஆறு வார்த்தைகளோடு கடைசி வரியைத் தொட்டுக் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது மணி பத்து முப்பத்தொன்று. பதினொரு நிமிடம். குழந்தை வெளியே வந்தது, அழவில்லை. பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு தரம், வேறு யாரோ ஒருவருடைய குழந்தையைப் பற்றிக் கேட்பதுபோல, பத்து நிமிஷம் முன்னாடி எடுத்திருந்தா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டான். "அப்படியெல்லாம் சொல்ல முடியாது" என்றார். அந்த மூன்று வார்த்தையை அவன் எத்தனை விதமாகப் படித்துப் பார்த்திருக்கிறான். சொல்ல முடியாது என்றால் இல்லை என்றா? ஆமாம், ஆனால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றா? மூளை முடக்குவாதம் என்று அட்டையில் எழுதிக் கொடுத்த நாளில், ஏன் வந்தது என்று பவுலின் கேட்டாள். இவன் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருஷம். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு முக்கால் மணி நேரம், அந்த வாயில் ஊட்டிக்கொண்டு, தன் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பதாவதோ பத்தாவதோ. எண்ணிக்கை விட்டுப்போயிற்று என்பது தெரிவதற்குள் ஸ்பூன் நாக்கைத் தொட்டிருந்தது. முந்தியதை அவள் விழுங்கினாளா? கழுத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்க்காமல் எப்படி அடுத்ததைக் கொடுத்தேன் என்று நினைக்கும்போதே பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பன்னிரண்டரைக்கு அது அடிக்கும். தினமும் அடிக்கும். கிருபாவுக்கு உலகத்திலேயே பெரிய வேடிக்கை அந்தச் சத்தம்தான், அதைக் கேட்டால் உடம்பெல்லாம் விறைக்கச் சிரிப்பாள். அதனாலேயே பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு விசிலுக்காக இரண்டு பேரும் காத்திருப்பது வழக்கம். இன்று வைக்கவில்லை. அவள் வாய் நிறையக் கூழோடு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. இருமல் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. கண் இரண்டும் பெரிதாகி அவனையே பார்த்தன, கை விறைத்து மேலே போயிற்று, சத்தமே இல்லை. அவளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்த இடுப்புத் துணியின் முடிச்சு அவிழவில்லை. அவன் போட்ட முடிச்சுதான், அவிழக் கூடாது என்று இழுத்துப் போட்ட முடிச்சு. நகத்தால் பிய்த்தான். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. தூக்கித் தன் முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையால் அடித்தான். வாயில் விரலை விடாதீங்க தம்பி, உள்ளதான் தள்ளுவீங்க என்று ஹசீனா மேடம் சொல்லியிருந்தார். விடவில்லை. இரண்டு. மூன்று. இவ்வளவு பலமாக இவளை யாரும் அடித்ததில்லை. எலும்பு தெரிகிறது, எட்டரைக் கிலோவில் எலும்பு எவ்வளவு, நான்கு, அடித்தால் உடைந்துவிடுமா, ஐந்து. என்னவோ பிளந்துகொண்டு வந்ததுபோல ஒரு சத்தம், அவன் காலில் சூடாகக் கூழ் விழுந்தது. அதற்குப் பின்னால் அழுகை. முதலில் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் கொழகொழவென்று, பிறகு தெளிவாக, தெருவுக்கே கேட்கும்படி. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் சரிந்தான். கடிகாரம் கண்ணுக்கு நேரே இருந்தது. பன்னிரண்டு முப்பத்தொன்று. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. ஒரு நிமிடம் என்றால் இவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. பதினொன்றை அவன் இத்தனை நாள் எண்ணாகத்தான் வைத்திருந்தான். இப்போது ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தான், இது ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. நான்காவதற்கு மேல் அடுக்க முடியவில்லை.

கிருபா விம்மி விம்மி அடங்கினாள். மூச்சில் கரகரப்பு இருந்தது. இரவில் காய்ச்சல் வருமா, நாளைக்கா, நாளன்றைக்கா. உதட்டில் சிவப்பு திரும்பியிருந்தது. போன் அடித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும்போதுதான் கம்பெனியில் செக்யூரிட்டியிடமிருந்து போனை வாங்க முடியும். பின்னால் தட்டுச் சத்தமும் பெண்கள் பேச்சும் கேட்டன.

"இன்னாப்பா, துன்னாளா?" என்றாள் பவுலின்.

"இல்ல. ஒம்பது ஸ்பூனோ பத்தோ. புரை ஏறிடுச்சு. ஒதடு கறுத்துப் போச்சு." அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. "இப்ப செரியாயிட்டா. தோள்ல கீறா."

அந்தப் பக்கம் தட்டு வைக்கும் சத்தம். அவள் கூட்டத்திலிருந்து எழுந்து எங்கோ நடக்கிறாள் என்று தெரிந்தது.

"எனக்குக் கேக்குற மாதிரி அவ வாய்கிட்ட வை."

வைத்தான். மூச்சு. அவள் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"நோட்டுல முழுக் கிண்ணம்னு எழுதியிருக்கேன் இல்ல, அஞ்சு எடத்துல" என்றான். "பொய்."

"தெரியும். வாசல்ல அந்த வெள்ள நாயி கொழுத்துக்கினே போவுது. எதைத் துன்னுதுன்னு நெனச்சேன்."

சீலன் கண்ணை மூடிக்கொண்டான். "பவுலி. அவ பொறந்த அன்னிக்கு, நீ உள்ள இருந்தப்போ, நான் கையெழுத்துப் போடாம படிச்சுக்கினு நின்னேன். பதினோரு நிமிஷம்."

"அதுவும் தெரியும்."

கிருபாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த அவன் கை நின்றது.

"நர்சம்மா உள்ள வந்து சொல்லுச்சு. உன் வீட்டுக்காரரு வெளிய பரீட்சைக்குப் படிச்சுக்கினு கீறாரும்மான்னு. அந்த வலியிலயும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு."

"ஏன் கேக்கல நீ?"

"கேட்டா என்னா சொல்லுவ? மூணு வருஷமா மூஞ்சில எழுதி ஒட்டிக்கினுதானே சுத்துற."

"அதனாலதானா பவுலி?"

"எனக்கு எப்பிடித் தெரியும். மூணு டாக்டரு பாத்தாச்சு, அவங்களுக்கே தெரில. அதனாலன்னு சொன்னா நிம்மதியாயிடுவியா, இல்லன்னு சொன்னா நிம்மதியாயிடுவியா?"

அவன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"சில நாளு கோவம் வரும்" என்றாள் அவள். "மிஷின்ல ஒக்காந்து ஷூவோட மேல்தோல் தைக்கும்போது வரும். இவன் மட்டும் அன்னிக்குச் சும்மா கிறுக்கிப் போட்டிருந்தான்னான்னு வரும். அன்னிக்கு நாலு ஜோடி ரிஜெக்ட் ஆவும். சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்குவேன். அப்புறம் வீட்டுக்கு வந்தா நீ அவ கழுத்தையே பாத்துக்கினு ஒக்காந்திருப்ப." பின்னால் பெல் அடித்தது. "வெக்கிறேன். காய்ச்சல் அடிக்குதான்னு ஒரு மணிக்கொரு தரம் பாரு. அதைப் போட்டு வை."

சீலன் போனைக் கீழே வைத்தான். மன்னிக்கப்பட்டதுபோல இல்லை. மூன்று வருஷம் தான் மட்டும் சுமப்பதாக நினைத்த மூட்டையின் மறுமுனையை வேறொரு ஆள் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள், ஒரு வார்த்தை பேசாமல், அதுவும் ஷிப்டு பார்த்துக்கொண்டு என்பது மட்டும் தெரிந்தது. அது கனத்தைக் குறைக்கவில்லை. இப்போது அவள் பங்கும் கண்ணுக்குத் தெரிந்தது. எழுந்து கிருபாவை நாற்காலியில் வைத்துத் துண்டுகளைச் சரிசெய்தான். முடிச்சை இந்தத் தடவை ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி போட்டான். கிண்ணத்தில் பாதிக்கு மேல் இருந்தது, ஆறி ஆடை கட்டியிருந்தது. பழக்கத்தில் கை ஸ்பூனை எடுத்தது. கிருபா உதட்டை மூடிக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தினமும் இந்த இடத்தில் அவன் கீழுதட்டைத் தடவுவான், பாட்டுப் பாடுவான், இன்னும் ஒண்ணே ஒண்ணு என்பான், கடைசியில் தாடையை அழுத்தித் திறப்பான். அதையும் நோட்டில் எழுதியதில்லை. இன்று ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டான். நோட்டைப் பிரித்து, மத்தியானம், ஒன்பது அல்லது பத்து, நான் எண்ணவில்லை, புரை ஏறி உதடு நிறம் மாறியது, பிறகு போதும் என்றாள் என்று எழுதினான். எழுதி முடித்து, அந்தப் பேனாவை மூடாமலே, மாவு டப்பாவை நகர்த்தித் தாளை இழுத்தான். முதல் வரி கண்ணில் பட்டது. கண் தானாக இரண்டாவது வரிக்கு ஓடியது. அங்கேயே நிறுத்திக்கொண்டு, தாள் நகராமல் இடது கையால் அழுத்திப் பிடித்து, கோட்டின்மேல் கையெழுத்தைப் போட்டான். கையை எடுத்தபோது பக்கத்தில் கட்டை விரல் அச்சு, கூழில், பழுப்பாக, ஒவ்வொரு ரேகையும் தனித்தனியாகத் தெரியும்படி விழுந்திருந்தது. இதைப் பார்த்து வார்டில் ஏதாவது சொல்வார்களோ, வேறு தாள் கொண்டுவா என்று திருப்பிவிடுவார்களோ, அதற்குள் மணி ஒன்பது ஆகிவிடுமோ. துடைக்கலாம் என்று ஈரத்துணியை எடுத்தான். துடைத்தால் மையும் சேர்ந்து பரவும். அப்படியே நின்றான். பக்கத்து வீட்டில் மறுபடி குக்கர் விசில் அடித்தது. துணியைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடப்போனான். கிருபா விறைத்து, கை இரண்டையும் நடுவில் சேர்த்துக்கொண்டு, தொண்டையில் இன்னும் கரகரப்போடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயில் ஒன்றும் இல்லை. சிரிக்கட்டும் என்று விட்டான்.